உப்புமூட்டை ஏறிய பெட்டி

பெரியநாயக்கன்பாளையம் தாண்டி ஒரு செங்கல் லாரியை முந்தப் போனபோதுதான் என் கார் முதல்முறையாகத் தடுமாறியது. மூன்றாவது கியர். எதிரே சாலை காலி. ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதித்துவிட்டேன். வண்டி பாய்ந்திருக்க வேண்டும். அதற்குப் பதிலாக, கூப்பிட்டதும் 'என்னையா?' என்று திரும்பிப் பார்க்கிறவரைப் போல ஒரு கணம் யோசித்தது. பிறகுதான் ஓடியது. அந்த ஒரு கணத்துக்குள் எதிரே ஒரு பஸ் முளைத்துவிட, நான் மறுபடியும் லாரிக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

பக்கத்தில் இருந்த என் கணவர் தலைக்கு மேலே பிடித்திருந்த கைப்பிடியை மெதுவாக விட்டார். முகத்தில் பயம் இல்லை, ஒருவிதத் திருப்திதான் இருந்தது.

"நல்லா ஓடிட்டிருந்த வண்டி அம்மணி," என்றார். "சும்மா இருந்ததைத் தொட்டுப்போட்டே."

அவர் இன்சூரன்ஸ் சர்வேயர். விபத்தில் சிக்கிய வண்டிகளைப் பார்த்து, சேதம் எவ்வளவு, எதனால் என்று எழுதிக் கொடுப்பது வேலை. காலையில் காபி குடித்துவிட்டு, நசுங்கிய பம்பர்களையும் உடைந்த கண்ணாடிகளையும் பார்க்கக் கிளம்புகிற மனிதர். வண்டி என்பது எப்படியும் கெட்டுப்போகப் போகிற ஒரு பொருள், நாம் வேறு அதற்கு உதவி செய்ய வேண்டாம் என்பது அவர் கொள்கை. தானே ஓட்டினால் நாற்பதைத் தாண்ட மாட்டார். சைக்கிள்காரர்கள் அவரைத் திரும்பிப் பார்த்துவிட்டு முந்திப் போவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

நானோ பீளமேட்டில் ஒரு பம்ப் கம்பெனியின் பரிசோதனைக் கூடத்தில் இருக்கிறேன். பம்பு எவ்வளவு தண்ணீரை எவ்வளவு உயரத்துக்குத் தள்ளுகிறது என்று அளந்து வளைகோடு வரைவது என் பிழைப்பு. கோடு வழவழவென்று போக வேண்டும். நடுவில் குழி விழுந்தால் எனக்குச் சாப்பாடு இறங்காது. அப்படிப்பட்டவளின் காரிலேயே நடுவில் ஒரு குழி.

கார் பழையதுதான். சிவப்பு நிறச் சின்ன பெட்ரோல் கார். ஒரு டாக்டரிடமிருந்து வாங்கினேன். ஓட்டப் பிடிக்கும் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் சொல்லத் தெரியாது எனக்கு. வாங்கிய பிறகு சும்மா இருக்கவில்லை. காற்று தாராளமாக உள்ளே போக ஒரு நல்ல ஏர் ஃபில்டர் மாட்டினேன். புகை தடையில்லாமல் வெளியே போக எஞ்சினிலிருந்து கிளம்பும் குழாய்களை மாற்றினேன். அவ்வளவுதான். சத்தம்கூட ஊரைக் கூட்டவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்ட பாடகரைப் போல ஒரு கனம் வந்தது, அவ்வளவே. ஆனால் அன்றைக்கு அந்தத் தடுமாற்றமும் கூடவே வந்திருப்பது தெரிந்துபோனது.

காரணத்தைக் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. இந்தக் காலத்து எஞ்சினுக்கு எவ்வளவு பெட்ரோல் ஊட்டுவது என்பதை ஒரு கம்ப்யூட்டர் தீர்மானிக்கிறது. லேசாக ஓட்டும்போது அது புகைக்குழாயில் இருக்கும் சென்சாரைப் பார்த்துப் பார்த்துத் தன்னைத் திருத்திக்கொள்ளும். அழுத்தி மிதித்தால் திருத்தமெல்லாம் கிடையாது, கம்பெனியில் மனப்பாடம் செய்துவைத்த கணக்கை ஒப்பிக்கும். என் காரின் மனப்பாடம் பழைய குழாய்க்கும் பழைய ஃபில்டருக்கும் உரியது. இப்போது காற்று கூடுதலாக வருகிறது, பெட்ரோல் மட்டும் பழைய அளவு. எஞ்சினுக்குப் பசி.

தீர்வுகள் மூன்று இருந்தன. கம்ப்யூட்டரையே கழற்றிவிட்டு வேறு வைப்பது ஒன்று, அது பந்தயக்காரர்கள் செய்வது. இருக்கிற கம்ப்யூட்டருக்குள் உள்ள கணக்கை அழித்துத் திருத்தி எழுதுவது இன்னொன்று. என் காரின் மாடலில் அதற்குப் பெட்டியை உடைத்துத் திறக்க வேண்டும் என்றார்கள். மூன்றாவது, பிக்கிபேக்.

ஒரு சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் இதை அவரிடம் எடுத்தேன்.

"அதென்ன பிக்கிபேக்?"

"சின்னப் பிள்ளையில முதுகுல ஏத்திக்கிட்டு உப்புமூட்டை, உப்புமூட்டைன்னு சுத்துவோமில்லீங்களா, அதுதானுங்க."

தோசையைப் பிய்ப்பதை நிறுத்திவிட்டு யோசித்தார். "யாரு முதுகுல யாரு ஏறறது?"

"வண்டிக் கம்ப்யூட்டர் முதுகுல இந்தப் பெட்டி ஏறிக்குமுங்க. சென்சார்ல இருந்து வர்ற தகவலைக் கொஞ்சம் மாத்திக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும். காத்து நெறைய வருதுன்னு சொன்னா அது பெட்ரோலைக் கூட விடும்."

"அப்ப முதுகுல ஏறிக்கிட்டுக் காதுல பொய் சொல்லுமாக்கும்."

இவ்வளவு சுருக்கமாக எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை. "நல்லதுக்குச் சொல்ற பொய்யிங்க," என்றேன்.

"நான் பாக்கற கிளெய்ம்ல எல்லாரும் நல்லதுக்குத்தான் பொய் சொல்றாங்க அம்மணி."

ஆனால் முடியாது என்று சொல்லவில்லை. இரண்டு நிபந்தனை போட்டார். வேண்டாம் என்றால் கழற்றி எடுத்ததும் வண்டி பழையபடி ஆகிவிட வேண்டும். இன்சூரன்ஸ் கம்பெனிக்கு இன்ன மாற்றம் செய்திருக்கிறோம் என்று முன்கூட்டியே எழுதித் தெரிவிக்க வேண்டும். இரண்டாவது நிபந்தனையை நான் நிறைவேற்றிவிட்டேனா என்று காபி கொடுக்கும்போதெல்லாம் கேட்டார். அந்தத் தொல்லை தாங்காமல் மறுநாளே எழுதிப்போட்டேன்.

முதலில் காந்திபுரத்துக்குத்தான் போனேன். பஸ் நிலையத்துக்குப் பின்னால் கார் சாமான் கடைகள் வரிசையாக இருக்கும் சந்தில், கண்ணாடிப் பெட்டிக்குள் அது உட்கார்ந்திருந்தது. பளபளவென்று நீலநிற உலோகப் பெட்டி, இரண்டே இரண்டு ஒயர், மேலே ஒரு பச்சை விளக்கு.

"மாட்டிப் பாருங்க மேடம், வண்டி பறக்கும்," என்றார் கடைக்காரர். "பறக்கலைன்னா என்னைக் கேளுங்க."

மாட்டியதும் நிஜமாகவே பறந்தது. அவிநாசி சாலை மேம்பாலத்தில் ஏறும்போது சீட் முதுகைத் தள்ளியது. தடுமாற்றம் போன இடம் தெரியவில்லை. அலுவலகத்துக்கு வேண்டுமென்றே சுற்று வழியில் போனேன். அவரிடம் பெருமையாகச் சொன்னேன். சில நாள் கழித்து வேகம் சற்றுக் குறைந்த மாதிரி இருந்தது. என் நினைப்பாக இருக்கும் என்று விட்டேன். அடுத்த வாரம் மறுபடியும் பழைய தடுமாற்றம், போதாக்குறைக்குக் காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஓர் உறுமல் வேறு.

ஞாயிற்றுக்கிழமை வண்டியின் தகவல் படிக்கும் கருவியை மாட்டி எண்களைப் பார்த்தேன். பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் பெட்டி செய்ததெல்லாம், உள்ளே வரும் காற்று ஜில்லென்று இருக்கிறது என்று கம்ப்யூட்டரிடம் சொன்னதுதான். குளிர்ந்த காற்று அடர்த்தி என்பதால் கம்ப்யூட்டரும் நம்பி எல்லா நேரமும் பெட்ரோலைக் கூட்டிவிட்டது. பிறகு புகையைப் பார்த்து, 'என்னடா இது, பெட்ரோல் வீணாகப் போகிறதே' என்று தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வந்திருக்கிறது. கோயமுத்தூர் வெயிலில் நின்றுகொண்டு இது குளிர் பிரதேசம் என்றால் எத்தனை நாள் நம்பும்?

அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தவர், ஸ்க்ரூ டிரைவரை எடுத்துவரச் சொன்னார். மேசைமேல் செய்தித்தாள் விரித்து, ஒரு விபத்து வண்டியை ஆராய்கிற அதே கவனத்தோடு பெட்டியின் மூடியைக் கழற்றினார். உள்ளே அரிசிமணி அளவுக்கு ஒரு ரெசிஸ்டர், காசுக்குக் கிடைக்கும் மின்தடை. அதற்குப் பக்கத்தில் அந்தப் பச்சை விளக்கு. மீதி இடமெல்லாம் கனம் தெரிவதற்காகப் பசை ஊற்றி நிரப்பியிருந்தது.

"லைட்டு எரியறதுக்கு நல்ல பவர் இருக்குது," என்றார்.

இருவரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. அன்றுதான் நான் கவனித்தேன், அவர் பெட்டியைக் குப்பையில் போடவில்லை. விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி, "சரி, நெசமான பெட்டின்னா உள்ள என்ன இருக்கும்?" என்று கேட்டார்.

நிஜமான பெட்டி வைத்திருப்பவர் பெரியநாயக்கன்பாளையத்தில் இருந்தார். மோட்டார் சுருள் கட்டும் பட்டறைகளுக்கு நடுவே ஒரு பெரிய ஷெட். அதன் உரிமையாளரைப் பாய் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். கோட்டைமேட்டில் பிறந்து, இளவயதில் தரையோடு ஓடும் சின்னப் பந்தயக் கார்ட் வண்டிகள் ஓட்டிக் கோப்பை வாங்கியவர். இப்போது அந்தக் கார்ட்டில் உட்கார்ந்தால் வயிறுதான் ஸ்டியரிங்கைத் திருப்பும் என்று அவரே சொல்லுவார். குதிரைத்திறன் என்ற சொல்லை அவர் உச்சரிக்கும்போது குரல் குழையும். ஷெட்டின் நடுவில், தரையில் பதித்த உருளைகள்மேல் வண்டியை ஏற்றி நின்ற இடத்திலேயே ஓடவிட்டுச் சக்தியை அளக்கும் மேடை இருந்தது. டைனோ என்பார்கள். கோயில் கருவறையைக் காட்டுவது போல அதைக் காட்டினார்.

பிறகு இரண்டு பெட்டிகளைக் கொண்டுவந்து வைத்தார். ஒன்று பெரியது, கறுப்பு. தடித்த ஒயர்க் கற்றை பின்னலைப் போலத் தொங்கியது. பெட்ரோலை மாற்றும், தீப்பொறி விழும் நேரத்தை மாற்றும், நாளைக்கு எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கும் டர்போ வைத்தாலும் அதையும் பார்த்துக்கொள்ளும். இன்னொன்று உள்ளங்கையில் அடங்குவது. காற்றழுத்த சென்சாரின் தகவலையும் தீப்பொறி நேரத்தையும் மட்டும் கொஞ்சம் திருத்தும், அதுவும் அழுத்தி மிதிக்கும்போது மட்டும்.

என் கண் பெரியதிலேயே ஒட்டிக்கொண்டது.

"இத மாட்டினா நாளைக்கு நீங்க எது செஞ்சாலும் கவலையில்லீங்க மேடம்," என்றார் பாய். "உங்க கைக்கு இதுதான் சரி."

என் கைக்கு! நான் ஏற்கெனவே விழுந்துவிட்டேன். அப்போது அவர், அதுவரை ஷெட்டின் தீயணைப்பானில் காலாவதித் தேதி பார்த்துக்கொண்டிருந்த என் கணவர், வந்து குனிந்து கேட்டார்.

"இதுக்கு வண்டி ஒயரு எத்தன வெட்டணுமுங்க?"

"கொஞ்சந்தானுங்க சார்," என்று பாய் கற்றையை விரித்துக் காட்டினார். கொஞ்சம் இல்லை. "வெட்டி, சேத்து, சுத்தி டேப் ஒட்டிக் கொடுத்துருவோம். இந்தச் சின்னதுக்கு வெட்டவே வேண்டாம். கம்பெனி சாக்கெட்டு மாதிரியே சாக்கெட்டு, நடுவுல சொருகிக்கலாம். ஆனா அது..." கையை ஆட்டி, சின்னப் பிள்ளைகள் விளையாடுவது என்ற அர்த்தத்தில் ஒரு சைகை செய்தார்.

யோசித்துச் சொல்கிறோம் என்று கிளம்பினோம். வெளியே ஒரு பேக்கரியில் டீ சொல்லிவிட்டு நின்றோம். அவர் என்ன சொல்லப்போகிறார் என்று தெரிந்திருந்ததால் முன்கூட்டியே கோபித்துக்கொண்டேன். அவர் தேங்காய் பன்னைப் பாதியாக்கி எனக்கு நீட்டினார்.

"போன மாசம் ஒரு கார் பாத்தேன்," என்றார். "ஆள் தப்பிச்சுட்டாப்ல. ஆனா வண்டி எலும்புக்கூடு. எங்க ஆரம்பிச்சுதுன்னு தேடித் தேடிப் பாத்தா, யாரோ ஹெட்லைட்டுக்கு ஒயரை வெட்டி ஒட்டின ஒரு ஜாயின்ட்டு. டேப்பு எளகி உள்ள செம்பு தெரிஞ்சிருக்குது. அத்தனைதான்." பன்னைக் கடித்தார். "வேண்டாங்கல கண்ணு. உன்ற வண்டிக்கு என்ன வேணும்னு தெரியாமயே பெருசைப் பாக்கறயே, அதத்தான் சொல்றேன். உங்க கம்பெனில பம்பை அளக்காமயே மோட்டாரு மாத்துவாங்களா?"

மாற்ற மாட்டார்கள். நானே விட மாட்டேன். என் தொழிலை வைத்தே என்னை மடக்கிவிட்டார். கோபத்தோடு சேர்த்துப் பன்னையும் விழுங்கினேன். நல்ல பன்.

திரும்பிப் போய்ப் பாயிடம் ஓர் அளவுக் கருவி இரவல் கேட்டேன். புகையை முகர்ந்து, ஒரு பங்கு பெட்ரோலுக்கு எத்தனை பங்கு காற்று எரிகிறது என்று காட்டும் மீட்டர். அழுத்தி மிதிக்கும்போது பதின்மூன்றுக்குப் பக்கத்தில் இருந்தால் எஞ்சின் வயிறார உண்கிறது என்று அர்த்தம். பதினைந்தைத் தொட்டால் பட்டினி. என் புதுக் குழாயிலேயே அதை மாட்டத் துளை இருந்தது. பாயும் உடனே எடுத்துக் கொடுத்தார். "அளந்து பாக்கறேங்கறீங்க, அப்படிக் கேக்கறவங்க இங்க ரொம்ப வர்றதில்லீங்க," என்றார்.

அடுத்த ஞாயிறு காலை காரமடை தாண்டிப் போனோம். அங்கே ஒரு லேஅவுட். சைட் பிரித்து, அகலமாகத் தார்ச்சாலை போட்டு, இன்னும் யாரும் வீடு கட்ட வராத இடம். முதலில் இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசி வரை மெதுவாக ஓட்டிப் பார்த்துக்கொண்டோம். மயில்கள் மட்டும்தான் இருந்தன. அவர் இறங்கிப் போய்த் துண்டை வீசி அவற்றை ஓரமாகத் துரத்திவிட்டு வந்து, மீட்டரை மடியில் வைத்துக்கொண்டார். நான் சாலையைப் பார்க்க வேண்டும், அவர் எண்ணைப் படிக்க வேண்டும் என்று ஏற்பாடு.

மூன்றாவது கியரில் மெதுவாக உருட்டி, "மிதிக்கறேனுங்க" என்று சொல்லி மிதித்தேன்.

"பதிமூணு," என்றார், நிறுத்தத்தின் பெயர் சொல்லும் கண்டக்டர் போல. "பதிமூணு... பதிமூணரை... பதினாலு... அம்மணி, பதினஞ்சு! பதினஞ்சு! பதினஞ்சுலயே நிக்குது!" வண்டி அந்தக் கணத்தில்தான் தடுமாறியது. "இப்ப எறங்குது. பதினாலு. பதிமூணு. சரியாப் போச்சு!"

நான் பிரேக்கை மிதித்து நிறுத்தினேன். அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. பண்டிகைக்குப் பட்டாசு கொளுத்திய பிள்ளை மாதிரி இருந்தது.

"இன்னொருக்கா போலாம்," என்றார்.

"அளந்தாச்சில்லீங்க?"

"ஒருக்கா பாத்தா எப்படி ரிப்போர்ட் எழுதறது? நாலுவாட்டி பாத்தாத்தான் நெசம்."

நாலுவாட்டிக்கு மேலேயே பார்த்தோம். மயில்கள் எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தன. ஒவ்வொரு முறையும் அதே இடத்தில்தான் பட்டினி, எஞ்சின் வேகத்தின் நடுப்பகுதியில், அதுவும் அழுத்தி மிதித்தால் மட்டும். மேலேயும் கீழேயும் எல்லாம் சரியாக இருந்தது. என் காருக்கு இருந்தது ஒரே ஒரு குழி. அதை நிரப்ப மலையைப் பெயர்த்துக் கொண்டுவரத் தேவையில்லை என்பது எனக்கு அங்கேயே தெரிந்துபோனது. சின்னப் பெட்டி போதும். டர்போ வைக்கப் போகிறேனா? இல்லை. பந்தயத்துக்குப் போகிறேனா? இல்லை. லாரியை முந்த வேண்டும், மலையேற வேண்டும், ஏறும்போது மனசு நிறைய வேண்டும். அவ்வளவுதான்.

பாயிடம் சொன்னபோது அவர் முகம் கொஞ்சம் வாடியது. ஆனால் நாங்கள் அளந்து கொண்டுபோன எண்களைப் பார்த்ததும் சட்டையின் கையை மடித்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். "சரிதானுங்க. இதுக்கு இது போதும். ஆனா சின்னதுன்னு நெனச்சு அவசரப்படக் கூடாது. வாங்க, நாளெல்லாம் உக்காந்து செய்யலாம்."

அந்த நாள் என் வாழ்க்கையின் நல்ல நாட்களில் ஒன்று. காரை உருளைகள்மேல் ஏற்றிப் பட்டைகளால் இழுத்துக் கட்டினார்கள். ஆளுயர மின்விசிறி ஒன்று எஞ்சினுக்கு எதிரே சுழன்றது. பெட்டியைச் சொருகும் வேலையை என் கணவர் பக்கத்தில் நின்று பார்த்தார். ஒவ்வொரு சாக்கெட்டும் 'டிக்' என்று பூட்டிக்கொள்ளும் சத்தம் கேட்டால்தான் அடுத்ததற்கு விடுவார். சூடான குழாயிலிருந்து ஒயர் தள்ளிப் போகிறதா, ஃபியூஸ் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தார். பாய் முதலில் முறைத்தார். பிறகு, "சார், நீங்க வாரம் ஒருநாள் நம்ம ஷெட்டுக்கு வந்துருங்க," என்றார்.

முதல் ஓட்டத்தின் கோடு திரையில் வந்தது. ஏறிக்கொண்டே போன கோடு நடுவில் பள்ளத்தில் இறங்கி மறுபடி ஏறியது. என் பம்புக் கோட்டில் குழி விழுந்தால் எப்படி இருக்குமோ அச்சு அசல் அப்படியே. கை பரபரத்தது. பாய் அதைக் கவனித்துவிட்டு லேப்டாப்பை என் பக்கம் திருப்பினார்.

"நீங்களே போடுங்க மேடம். உங்க வண்டி. நான் மிதிக்கறேன்."

கட்டம் கட்டமாக எண்கள் இருந்தன. பள்ளம் விழுந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் கூட்டினேன். பாய் மிதித்தார். ஷெட் அதிர்ந்தது. பள்ளம் சற்று மேடானது. இன்னும் கொஞ்சம். மறுபடி மிதி. ஓர் இடத்தில் கூடுதலாகப் போட்டுவிட்டேன், கோடு மந்தமானது, குறைத்தேன். இடையில் எஞ்சின் ஆறுவதற்காக நிறுத்தி, எதிர்க்கடையிலிருந்து வந்த தக்காளிச் சாதத்தைச் சாப்பிட்டோம். மீண்டும் உட்கார்ந்தோம். வெயில் ஷெட்டின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தது.

பாய்க்குக் கடைசியில் ஓர் ஆசை. தீப்பொறியை இன்னும் சற்று முன்னதாக விழவைத்தால் உச்சியில் கூடுதலாக ஒரு நல்ல எண் கிடைக்கும் என்றார். செய்து பார்த்தோம். கோடு உயர்ந்தது. பாயின் முகமும் மலர்ந்தது. ஆனால் அந்த உச்சியில் டின்னுக்குள் கூழாங்கல் குலுங்குவது போல மெல்லிய ஒரு சத்தம். பாயும் நானும் ஒரே சமயத்தில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எஞ்சின் தட்டுகிறது. தொடர்ந்து ஓட்டினால் உள்ளே உடையும்.

"வேண்டாமுங்க," என்றார் பாயே, காலை எடுத்துவிட்டு. முன்பு இருந்த அளவுக்கே கொண்டுவந்தோம்.

கடைசி ஓட்டத்தின் கோடு பள்ளமே இல்லாமல், பொள்ளாச்சிச் சாலை மாதிரி வழவழவென்று ஏறிப் போனது. உச்ச எண்ணில் பெரிய மாற்றம் ஒன்றும் இல்லை. "இந்த நம்பரை வெளிய நாலு பேருகிட்டச் சொல்லிக்க முடியாதுங்களே," என்று பாய் வருத்தப்பட்டார். பிறகு கோட்டைத் தலையைச் சாய்த்துப் பார்த்து, "ஆனா கோடு அழகா இருக்குதுங்க," என்றார். நான் அதை அச்செடுத்து வாங்கிக்கொண்டேன்.

சரியாக அந்த வாரம் கோத்தகிரியில் என் நங்கையாவின் புதுமனை புகுவிழா. கணவரின் அக்காவை எங்கள் பக்கம் நங்கையா என்றுதான் கூப்பிடுவோம். கோவையில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், குளிர்ந்த ஊரில் ஒரு வீடு என்று வெகுநாள் ஆசைப்பட்டுக் கட்டியிருந்தார். நாங்கள் விடிந்ததும் கிளம்பினோம். நான் பட்டுப்புடவை, அவர் வேட்டி சட்டை. பின்சீட்டில் சீர்த்தட்டு, பழங்கள், குத்துவிளக்கு.

மேட்டுப்பாளையம் தாண்டி மலைப்பாதை தொடங்கியதும் எங்களுக்கு முன்னால் ஒரு காலி லாரி, காய்கறி ஏற்ற மேலே போவது, மூச்சு வாங்கிக்கொண்டு ஏறியது. நீளமாக நேர்ச்சாலை வந்ததும் ஓட்டுநர் கையை நீட்டிப் போகச் சொன்னார். மூன்றாவது கியர். மிதித்தேன்.

கார் யோசிக்கவில்லை. ஒரே இழுப்பு. லாரி பின்கண்ணாடிக்குள் போய்ச் சின்னதாகிவிட்டது. நான் வாய்விட்டுக் கூவிவிட்டேன். என்ன கூவினேன் என்று தெரியவில்லை. பின்னால் குத்துவிளக்கு மட்டும் டிங் என்று சீர்த்தட்டில் மோதியது. அவர் கைப்பிடியைப் பிடிக்கவே இல்லை. இரண்டு கையும் மடியில் இருந்தன.

சில வளைவுகள் ஏறிய பிறகு தொண்டையைச் செருமினார். "நான் சித்த நேரம் ஓட்டட்டுமா?"

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் மலையில் அவர் ஸ்டியரிங் கேட்டது அதுதான் முதல் தடவை. ஓரமாக நிறுத்தி இடம் மாறிக்கொண்டோம். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். முதல் வளைவில் வழக்கமான மனிதர்தான். இரண்டாவதில் வெளியே வரும்போது கொஞ்சம் அழுத்தினார். வண்டி அவர் கால் சொன்ன பக்கம் போனது. மூன்றாவதில் இன்னும் கொஞ்சம். நான் ஓரக்கண்ணால் பார்த்தேன். மனிதர் சிரித்துக்கொண்டிருந்தார், சத்தமில்லாமல், தோள் மட்டும் குலுங்க. வேகம் ஒன்றும் பெரிதில்லை, சொன்னால் எந்தப் பையனும் கேலிதான் செய்வான். ஆனால் நாற்பதைத் தாண்டியிருந்தது.

ஓர் இடத்தில் சாலை அகன்றது. அவர் வண்டியைத் திருப்பினார்.

"ஏனுங்க, எங்க போறீங்க?"

"அந்த வளைவுல கியர் சரியா விழலை. இன்னொருக்கா ஏறிப் பாத்துரலாம்."

"முகூர்த்தம் இருக்குதுங்க!"

"இருக்குது, இருக்குது. அக்கா நம்மள விட்டுட்டா பால் காச்சிருவா?"

காய்ச்சிவிட்டார். நாங்கள் சீர்த்தட்டோடு படியேறியபோது பால் பொங்கி முடிந்து, உறம்பரைச் சொந்தங்கள் எல்லோரும் டம்ளரோடு நின்றிருந்தார்கள். நங்கையா இடுப்பில் கை வைத்துக்கொண்டு தம்பியைப் பார்த்தார்.

"ஏன்டா தம்பி, உங்களைத்தானே மொதல்ல எதிர்பாத்தேன். வழியில ஏதும் பிரச்சினையா?"

"வண்டில ஒரு சின்ன டெஸ்ட்டு இருந்துதுக்கா," என்றார் அவர். நான் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டேன். அந்தக் குசும்பு நங்கையாவுக்குப் புரிந்துவிட்டது. என்னைத் தனியாக அடுக்களைக்கு இழுத்துப்போய் விசாரித்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். மயில்கள், பதினைந்து, திரும்பித் திரும்பி ஏறிய வளைவு, எல்லாம். அவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, கையில் இருந்த கரண்டியை அப்படியே வைத்தார்.

"என்ற தம்பியா? வெசையாவா ஓட்டினான்?"

"ஆமாங்க நங்கையா."

பந்தி முடியும் வரைதான் பொறுத்தார். கடைசி இலை எடுத்ததும், சாந்தும் சந்தனமும் மணக்க, புதுப் பட்டுப்புடவை சரசரக்க, செருப்பைக்கூடப் போடாமல் வந்து காரின் முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டார். அவருடைய மகளும் எங்கிருந்தோ ஓடிவந்து பின்னால் ஏறிக்கொண்டாள்.

"அந்த டீ எஸ்டேட் ரோடு வரைக்கும் ஒரு சுத்து," என்றார் நங்கையா. "நீயே ஓட்டு. அவன் வேண்டாம்."

கிளம்பினோம். தேயிலைத் தோட்டத்துக்குள் போகும் சாலை ஏறி இறங்கி ஏறியது. மூடுபனி லேசாக இறங்கிக்கொண்டிருந்தது, எங்கோ தேயிலை வறுக்கும் வாசனை. ஏற்றத்தின் அடியில் சாலை காலியாக இருந்தது. மிதிக்கட்டுமா என்று கேட்டேன்.

"கேக்காதே, மிதி கண்ணு!" என்றார் நங்கையா.

மிதித்தேன். எஞ்சின் வழவழவென்று பாடிக்கொண்டு ஏறியது. பின்சீட்டில் பெண் 'ஓ' என்று கத்த, நங்கையா தலையில் வைத்திருந்த மல்லிகைச் சரம் அவிழ்ந்து என் கையில் விழ, மூவரும் மேடேறி உச்சியில் நின்றோம். அங்கே நிறுத்திவிட்டுச் சிரித்துக்கொண்டே இருந்தோம், காரணம் எதுவும் இல்லாமல், கண்ணில் தண்ணீர் வரும்வரை.

திரும்பி வந்தபோது என் கணவர் புது வீட்டு வாசலில், ஏழெட்டு உறவுக்காரர்கள் சூழ, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். காரைக் கண்டதும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து, சாவிக்காகக் கையை நீட்டினார்.